நகரு, நான் பாக்கறேன்

ஓன்னி வாசித்துக் கம்ப்யூட்டரில் பிடித்து வைத்துவிட்டுப் போன பாட்டையெல்லாம் வைனோ காங்கஸ் அழித்துவிட்டார் என்று கூட்டுறவுக் கடை வாசலில் நின்று பேசுகிறார்களே, அது பச்சைப் பொய். அவர் ஒரு பாட்டைக்கூட அழிக்கவில்லை. அத்தனை பாட்டும் பத்திரமாகத்தான் இருந்தது. யாராலும் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். அது வேறு, இது வேறு. ஒரு மனிதர் உங்கள் வீட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டால், பெட்டியைத் திருடிவிட்டார் என்றா சொல்வீர்கள்? சாவியை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டார் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் அவர் எந்த ரகத்து மனிதர் என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் நாக்கை நீட்டுங்கள். உலகத்தில் ‘நகரு, நான் பாக்கறேன்’ ரகம் என்று ஒன்று இருக்கிறது. இவர்களை நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. ஏதாவது ஓர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தலையைச் சொறிந்தால் போதும். வாங்கிப் போன மண்வாரியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன், நாயைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன், உன் வீட்டுப் புகைபோக்கியில் புகை கம்மியாக இருந்ததே என்று பார்க்க வந்தேன் என்று எதையாவது சொல்லிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் அந்த வார்த்தை வரும். நீங்களும் எழுந்துவிடுவீர்கள். ஏன் எழுந்தோம் என்று பிறகுதான் யோசிப்பீர்கள். அதற்குள் நாற்காலி அவருடையது.

வைனோ இந்த ரகத்தில் முதல் தரம். ஊர்ச் சுரங்கம் மூடும் வரைக்கும் அதன் சாமான் கிடங்குச் சாவியை வைத்திருந்தவர். ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் அவருடைய ஜன்னலுக்கு வந்துதான் கேட்க வேண்டும். “எதுக்கு?” என்பார். சொன்னால், “நிஜமா எதுக்கு?” என்பார். சுரங்கத்தை மூடினார்கள், சாவியை வாங்கிக்கொண்டார்கள், கையை மட்டும் அவரிடமே விட்டுவிட்டார்கள். அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கு மறுபடி வேலை கிடைத்தது.

அவர் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! ஒரு பை நிறைய ஒயர் கொண்டுவருவார். பிறந்ததிலிருந்து அவர் கையில் கிடைத்த ஒயர் ஒன்றைக்கூட எறிந்ததில்லை என்பதால், அதில் இப்போது உலகத்திலேயே இல்லாத சாமான்களுக்கான ஒயர்கூட இருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. திரையைச் சட்டைக் கையால் துடைப்பார். ஓட்டைகளில் எல்லாம் வாயால் ஊதுவார். அப்புறம் விசாரணை.

“என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“ஒண்ணும் பண்ணாம இப்படி ஆகாது.”

“தொடவே இல்லப்பா!”

“அதான். தொடாம வெச்சா கெட்டுப்போகும்.”

தொட்டாலும் குற்றம், தொடாவிட்டாலும் குற்றம். இதை முடித்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுவார். அது விழித்துக்கொள்கிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டிலை விட்டுவிட்டு, மீன் வருமா வராதா என்று உட்கார்ந்திருப்பார்களே, அதே முகம். திரையில் எந்த அறிவிப்பு வந்தாலும் படிக்க மாட்டார். வந்த மறுகணம், கொசுவை அடிக்கிற மாதிரி பட்டென்று மூடிவிடுவார். “இதெல்லாம் நம்மளைப் பயமுறுத்தறதுக்குப் போடறான்” என்பார். யார் போடுகிறான்? அதை அவர் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஐலியின் வீட்டுக்கு விதி கொண்டுவந்து விட்டது.

ஓன்னி போன குளிர்காலத்தில் இறந்துபோனார். ஐலியின் புருஷன். நடுக்கோடையில் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி, மண்டபத்தில் ஆட்டம் வைப்போமே, அந்த ஆட்டத்துக்கு அக்கார்டியன் வாசித்தது என்றைக்கும் அவர்தான். அவர் வாசிக்காத நடுக்கோடை இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. அந்த வாசிப்புக்கு ஆடித்தான் பாதி ஊர் கல்யாணம் பண்ணிக்கொண்டது. மீதிப் பாதி ஆடியும் பண்ணிக்கொள்ளாமல் தப்பித்தது. இந்த வருஷம் என்ன செய்வது? மண்டபத்துக்காரர்கள் தயங்கித் தயங்கி ஐலியிடம் வந்தார்கள். வெளியூரில் ஒரு பையன் இருக்கிறானாம், கலர் விளக்கு, பெரிய ஒலிபெருக்கி எல்லாம் அவனே கொண்டுவருவானாம், கூப்பிடலாமா என்று கேட்டார்கள்.

ஐலி அதிகம் பேசுகிறவள் இல்லை. காபியை ஊற்றினாள். ஏலக்காய் போட்ட ரொட்டியை வெட்டி வைத்தாள். “ஓன்னிதான் வாசிப்பார்” என்றாள்.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சமையலறையில உக்காந்து வாசிச்சு வாசிச்சு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பிடிச்சு வெச்சிருக்கார். மண்டபத்து ஒலிபெருக்கியில பென் டிரைவ் சொருகலாமில்ல? போட்டுக் கொண்டுவரேன்.”

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இந்த ஊரில் ஒரு பெண் பிள்ளை வாயைத் திறந்து ஒரு வாக்குக் கொடுத்தால், அதைத் திருப்பி வாங்க அவளுக்கு வாய் வராது.

ஓன்னியின் பழைய கம்ப்யூட்டர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அதன் வயிற்றிலிருந்த டிஸ்கை மட்டும் டவுன் கடைக்காரன் எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, வால் மாதிரி ஒரு ஒயர் வைத்துக் கொடுத்திருந்தான். ஐலி அதைத் தன்னுடைய கம்ப்யூட்டரில் சொருகினாள். ஓன்னியின் பெயர் போட்ட ஃபோல்டர் வந்தது. திறந்தாள். இந்த ஃபோல்டருக்குள் போக உங்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதி வந்தது.

ஐலி அதை இரண்டு தடவை படித்தாள். அனுமதியா? ஒரு ஆயுள் முழுக்க அந்த மனிதரின் சாக்ஸைத் துவைத்துப் போட்டவளுக்கு அனுமதி இல்லையா? கல்யாணத்தில் பாதிரியார் கொடுத்தது பிறகு என்னவாம்? இருந்தாலும் கம்ப்யூட்டர் மரியாதை தெரிந்ததுதான். கீழேயே, தொடரலாமா என்று ஒரு பட்டனும் வைத்திருந்தது. ஐலி அதை அழுத்தக் கையை நீட்டினாள்.

“தொடாதே!”

வாங்கிப் போன மண்வாரியோடு வைனோ நின்றுகொண்டிருந்தார்.

“அதை அழுத்தினா போச்சு. அப்படித்தான் மாட்ட வைப்பான். நகரு, நான் பாக்கறேன்.”

ஐலி நகர்ந்தாள். பின்னிக்கொண்டிருந்த சாக்ஸையும் நூலையும் எடுத்துக்கொண்டு அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவாள்? அவளுடைய வீடு ஆயிற்றே.

இங்கேதான் ஊர்க்காரர்கள் நன்றாகக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்: வைனோ அதை முதல் நாளே திறந்துவிட்டார். ஆமாம், திறந்தார்! எங்கெங்கோ போய், ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு ஜன்னலைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, இந்த ஃபோல்டருக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுதியிருக்கிற இடத்துக்கே போய்விட்டார். அங்கே ஓன்னியின் பெயர் இல்லை. நீளமாக ஒரு எண் இருந்தது.

“இது யாரு?” என்றாள் ஐலி.

“ஓன்னிதான். அவன் பழைய கம்ப்யூட்டர் ஆளு. இந்தக் கம்ப்யூட்டருக்கு அவனைத் தெரியாது. அதான் பேருக்குப் பதிலா நம்பர் காட்டுது.”

ஐலி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வைனோ அதை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டார். அனுமதி என்ற இடத்தில் டிக் போட்டார். பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தட்டினார். ஓன்னியின் அக்கார்டியன் ஒரு தடவை மூச்சை இழுத்தது, ஒரு வால்ட்ஸ் ஆட்டப் பாட்டு கிளம்பியது.

“போதும் வைனோ,” என்றாள் ஐலி. “பென் டிரைவ்ல போட்டுடலாம்.”

எழுந்திருக்கலாம் இல்லையா? வேலை முடிந்துவிட்டதே! ஆனால் வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவன் இந்த ரகத்திலேயே சேர்த்தி இல்லை. வைனோ பாட்டை நிறுத்தினார்.

“போடலாம், போடலாம். மொதல்ல இதைப் பத்திரம் பண்ணணும். இப்ப யாரு வேணா உள்ள வந்து எடுக்கலாம்.”

“யாருப்பா வரப்போறா? அக்கார்டியன் பாட்டைத் திருடவா?”

“உனக்குத் தெரியாது ஐலி. உலகம் கெட்டுக் கிடக்கு.”

அந்தப் பெயர் வரிசையில் ‘எல்லாரும்’ என்று ஒரு பெயரைச் சேர்த்தார். அதற்கு எதிரே இரண்டு கட்டம்: ஒன்று அனுமதி, ஒன்று தடை. வைனோ தடையில் டிக் போட்டார். கம்ப்யூட்டர் உடனே ஒரு அறிவிப்புக் காட்டியது. அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும், யோசித்துக்கொள்ளுங்கள், சம்மதமா என்று கேட்டது. கொசு செத்தது. அடுத்த நொடி ஃபோல்டர் மூடிக்கொண்டது. திறந்தால், அனுமதி இல்லை. ஐலிக்கும் இல்லை, வைனோவுக்கும் இல்லை.

மடத்தனம் என்று சொல்வீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் யார் வீட்டில் பூட்டு இருக்கிறது? வெளியே போனால் துடைப்பத்தை எடுத்துக் கதவில் சாய்த்துவிட்டுப் போகிறோம். வருகிறவர் துடைப்பத்தைப் பார்க்கிறார், வீட்டில் ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு திரும்பிப் போகிறார். வீட்டுக்காரர் வருகிறார், துடைப்பத்தை ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போகிறார். எந்தத் துடைப்பமாவது வீட்டுக்காரரைத் தடுத்ததுண்டா? வைனோ அந்த டிக்கைத் துடைப்பம் என்றுதான் நினைத்தார். கம்ப்யூட்டர் இந்த ஊரில் வளரவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார்? அது எல்லாரையும் என்றால் எல்லாரையும் நிறுத்தியது, காபிக் கோப்பையோடு எதிரே உட்கார்ந்திருந்தவர் உட்பட.

“எல்லாரும்னா மத்தவங்கதானே?” என்று வைனோ திரையைப் பார்த்துக் கேட்டார்.

இதில் என்ன தப்பு? மண்டபத்தைக் கழுவ எல்லாரும் வர வேண்டும் என்று அறிவிக்கிறார்களே, அதைக் கேட்டு உங்களில் எத்தனை பேர் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்?

“அந்த டிக்கை எடுத்துடேன்” என்றாள் ஐலி.

“அந்த டிக்கா? அது ஒண்ணுதான் இப்ப எல்லாத்தையும் காப்பாத்திட்டிருக்கு. அதுல கை வைக்காதே. இது வேற ஏதோ கோளாறு.”

வேறு கோளாற்றைத் தேடி வைனோ தினமும் வந்தார். ஃபோல்டரை அப்படியே தூக்கி அந்த டிஸ்கிலேயே வேறு இடத்தில் வைத்தார். பூட்டும் கூடவே போனது. புதிதாக ஒரு பெயரை உண்டாக்கி அதற்கு எல்லா அனுமதியும் கொடுத்தார். அந்தப் பெயரும் எல்லாரிலும் சேர்த்தியாகி வெளியே நின்றது. பையிலிருந்து ஒயரை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினார். கம்ப்யூட்டரை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார், ஏனென்றால் இந்த ஊர் மண்ணுக்குள் இரும்பு இருக்கிறதாம், அது இழுக்கிறதாம். இத்தனை காலம் ஓன்னி வாசித்தபோது இழுக்காத இரும்பு! ஐலி காபி ஊற்றிக்கொண்டே இருந்தாள். வந்தவருக்குக் காபி ஊற்றாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. போ என்று சொல்லவும் தெரியாது. இந்த ஊரில் யாருக்குமே தெரியாது. விருந்தாளி தானாக எழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி உருகுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம்.

வைனோவின் மனைவி லெம்பி ஒரு நாள் போன் பண்ணினாள்.

“அடியே ஐலி, எங்க வீட்டு ஆளு அங்கதான் இருக்காரா?”

“இருக்கார். கூப்பிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாண்டி! அங்கேயே வெச்சுக்கோ. நேத்து இங்க தண்ணி ஹீட்டரைப் பாக்கறேன்னாரு. அவரு இல்லாத நேரத்துலதான் நான் ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணணும்.”

“எங்க வீட்டுதை எப்படி லெம்பி சரி பண்றது?”

“அது தெரிஞ்சா எனக்கு எதுக்குடி இந்த வயசுல ரத்தக் கொதிப்பு?”

இதற்குள் கூட்டுறவுக் கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. வைனோ அழித்துவிட்டாராம், ஓன்னியின் பாட்டு போய்விட்டதாம். மண்டபத்துக்காரர்கள் மறுபடியும் ஐலியிடம் வந்தார்கள். அந்த வெளியூர்ப் பையன் இன்னும் தயாராகத்தான் இருக்கிறான், ஆட்டத்தன்று மத்தியானத்துக்குள் சொன்னால்கூட வந்துவிடுவான் என்றார்கள். அவர்கள் போனபிறகு ஐலி அக்கார்டியன் பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆடத்தான் தெரியும்.

வைனோவுக்கும் பேச்சு காதில் விழுந்தது. மனிதருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சொல்லுங்கள், கெட்ட மனிதருக்கு முகம் சுருங்குமா? ஆட்டத்தன்று காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் ஆயிற்று. ஏரிக்கரையில் விறகு அடுக்குகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. வைனோ மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றினார்.

“ஒரே ஒரு வழிதான் இருக்கு ஐலி. மொத்தத்தையும் துடைச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். பளிச்சுனு ஆயிடும். ஒரு பூட்டு இருக்காது.”

“மொத்தத்தையும்னா?”

“டிஸ்கை.”

“அதுல பாட்டு இருக்கே.”

“அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கோளாறு போகட்டும்.”

அவர் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. துடைக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் எந்தக் கேள்வியை எப்போது படித்திருக்கிறார்?

“எழுந்திரு, வைனோ.”

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கேட்டது. நம்ப முடியவில்லை.

“என்னது?”

“கையை எடு. எழுந்திரு. வீட்டுக்குப் போ.”

கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் இந்த ஊரில், உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. வைனோ எழுந்தார். ஒயரையெல்லாம் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு ஒயரையும் போட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று, மனிதருடைய காது சிவந்துபோயிருந்தது. பூட்ஸில் காலை நுழைத்தார், நாடாவைக்கூடக் கட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

ஐலி, துடைக்கட்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னுகிற கை அவளுடையது. எங்கேயோ ஒரு கண்ணி தவறினால் மேலே மேலே பின்னிக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை, தவறின இடம் வரைக்கும் பிரித்துக்கொண்டு வர வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். தோளுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து அவர் போட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? அவர் புதிதாக உண்டாக்கின பெயரை நீக்கினாள். ஃபோல்டரைப் பழைய இடத்தில் வைத்தாள். ஜன்னலுக்குள் ஜன்னல், அதற்குள் ஜன்னல். ‘எல்லாரும்’ என்ற பெயருக்கு எதிரே தடையில் இருந்த டிக்கைத் தட்டினாள். போய்விட்டது.

பாட்டுகள் வந்து நின்றன. ஐலி எதையும் தட்டிப் பார்க்கவில்லை. முதலில் பென் டிரைவைச் சொருகி அத்தனையையும் அதற்குள் போட்டாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அந்த வால்ட்ஸைப் போட்டாள். சத்தத்தை முழுசாக வைத்தாள். மேஜைக்கு அடியில் அவள் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

வைனோ தெருவில் தன்னுடைய வண்டியைக்கூடக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். அவரை ஆட்டத்துக்குக் கூட்டிப் போக வந்த லெம்பி, கட்டாத பூட்ஸ் நாடாவைப் பார்த்தபடி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திறந்து போட்டு வந்த ஐலி வீட்டுக் கதவு வழியாக ஓன்னியின் அக்கார்டியன் தெருவுக்கு வந்தது.

வைனோ தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

“பாத்தியா? நான் பண்ணினது படியறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்னு எனக்குத் தெரியும்.”

“உங்களை அவ வெளிய போகச் சொல்லிட்டாளா?”

“ஆமா. நான் கிட்ட இருந்தா அது படியாது.”

என்னைக் கேட்டால், அதிலும் பொய் இல்லை. முதல் நாள் திறந்தவர் அவர்தானே? அவர் டிக் போடாமல் இருந்திருந்தால் ஐலி எதை எடுத்திருப்பாள்? இன்னமும் கடை வாசலில் நின்று பேசுகிறவர்கள் பேசட்டும்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நடுவில், அந்த டிக் விழுந்த இடத்தில், ‘அடடா, அங்கே போய் இப்படிப் பண்ணியிருக்கணும்’ என்று உங்கள் மனசில் ஒன்று ஓடியதே, இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்! நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பேன் என்று? உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் முன்னால்கூட வந்தீர்கள், கை ஒரு தடவை அசைந்தது.

இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. எழுந்திருங்கள், கதவு அந்தப் பக்கம்.